வணிக விசாரணை வாக்கியங்களில் ஆங்கில இலக்கணத் திருத்தம்

வணிக விசாரணை என்பது, ஒரு பொருளையோ சேவையையோ பெறுவதற்கு முன்னர் அதன் விலை, தரம், அளவு, கிடைக்கும் காலம் ஆகியவற்றைக் கேட்டு எழுதப்படும் கடிதத்தையும், அதற்கு விற்பவர் அனுப்பும் மறுமொழியையும் சேர்த்துக் குறிக்கும். ஊவாத் தோட்டப்புறங்களில் இவ்வகை எழுத்து நெடுங்காலம் தோட்ட அலுவலகத்தின் நான்கு சுவர்களுக்குள்ளேயே அடங்கிக் கிடந்தது. துரை ஆங்கிலத்தில் சொல்வார், பெரிய கிளாக்கர் தட்டச்சு செய்வார், லயத்தில் வாழ்ந்தவருக்கு அந்தக் கடிதத்தோடு தொடர்பு எதுவும் இராது. கொழும்பில் தேயிலைப் பகிரங்க ஏலம் 1883ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் திகதி தொடங்கியதும், தோமஸ் லிப்டன் 1890இல் ஹப்புத்தளைக்கு அருகே தம்பேதென்னவில் தொழிற்சாலை அமைத்ததும், இந்த மலைகளின் வியாபாரம் முழுவதையும் ஆங்கிலக் கடிதப் போக்குவரத்தோடு பிணைத்துவிட்டன. இன்று அந்தக் கடிதத்தை எழுதுபவர் தோட்டத்துப் பிள்ளையாகவே இருக்கிறார். எல்லவில் வீட்டின் ஓர் அறையைச் சுற்றுலாப் பயணிகளுக்கு விடுபவர், வெலிமடை மரக்கறியை லொறியில் ஏற்றிப் பெரகல சந்தி வழியாகக் கொழும்புக்கு அனுப்புபவர், பண்டாரவளையில் தேயிலைப் பொதி விற்கும் கடைக்காரர் என்று பலருக்கும் நாள்தோறும் இரண்டு மூன்று ஆங்கில வரிகளாவது எழுதவேண்டியுள்ளது. 1987இல் அரசியலமைப்புக்குக் கொண்டுவரப்பட்ட 13ஆவது திருத்தம் ஆங்கிலத்தை இணைப்பு மொழி என்று குறிப்பிடுகிறது. வியாபாரத்தைப் பொறுத்தவரை ஆங்கிலம் அத்திருத்தத்துக்கு நூறாண்டுக்கு முன்பே அந்த இடத்தைப் பிடித்துவிட்டது.

இவ்வத்தியாயத்தில் ஆங்கில வாக்கியங்கள் யாவும் தமிழெழுத்தில் ஒலிபெயர்த்துத் தரப்படுகின்றன. வாசகர் அவற்றை வாய்விட்டு வாசித்து, பின்னர் ஆங்கில எழுத்தில் தம் கையால் எழுதிப் பார்ப்பது நல்லது.

எந்தப் பிழையை முதலில் திருத்துவது

ஆங்கில இலக்கண நூல்கள் பெரும்பாலும் எழுவாய், பயனிலை, காலம் என்ற வரிசையில் விதிகளை அடுக்கிச் செல்கின்றன. பரீட்சைக்கு அது போதும். வியாபாரக் கடிதத்திலோ எல்லாப் பிழைகளும் ஒரே எடை உடையவை அல்ல. சில பிழைகள் பேரத்தையே மாற்றிவிடுகின்றன. சில, வாசிப்பவர் மீண்டும் ஒரு முறை கேட்டெழுதும்படி செய்து ஒரு நாளை வீணாக்குகின்றன. வேறு சில, காதுக்குச் சற்று உறுத்துவதோடு நின்றுவிடுகின்றன. "ஹீ டோன்ட் நோ" என்று எழுதியவரைப் பார்த்துச் சிரிப்பவர் உண்டு, ஆனால் அந்தப் பிழையால் எவருக்கும் பண இழப்பு நேர்வதில்லை. திகதியும் அளவும் விலையும் வரும் வாக்கியங்களை முதலில் திருத்தவேண்டும் என்பதும், அழகுக்கான திருத்தங்கள் பிறகு வரலாம் என்பதும் இங்கு பின்பற்றப்படும் முறை.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. தோட்டப்புறத்தில் எழுதப்படும் ஆங்கில வாக்கியத்தின் பிழை பெரும்பாலும் அறியாமையால் வருவதில்லை. அதன் அடியில் பிழையற்ற தமிழ் வாக்கியம் ஒன்று இருப்பதால் வருகிறது. அந்தத் தமிழ் வாக்கியத்தைக் கண்டுபிடித்தால் பிழையின் காரணம் தெளிவாகும், காரணம் தெரிந்தால் அது திரும்ப வராது.

திகதியும் காலமும்

"வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பவும்" என்ற தமிழ் வாக்கியத்தை மனதில் வைத்துக்கொண்டு எழுதுபவர், "ப்ளீஸ் சென்ட் இட் விதின் ஃப்ரைடே" என்று எழுதிவிடுகிறார். தமிழில் "உள்" என்ற உருபு, வெள்ளிக்கிழமை போன்ற ஒரு புள்ளிக்கும், மூன்று நாள் போன்ற ஒரு கால நீளத்துக்கும் பொதுவானது. ஆங்கிலம் இவ்விரண்டையும் பிரித்துவிடுகிறது. கால நீளத்துக்கு "விதின் த்ரீ டேய்ஸ்", கெடு நாளுக்கு "பை ஃப்ரைடே". "விதின் ஃப்ரைடே" என்று கண்ட வெளிநாட்டவர், வெள்ளிக்கிழமை அன்றே அனுப்பவேண்டுமோ என்று எண்ணக்கூடும். இதைத் திருத்த முயன்று சிலர் "டில் ஃப்ரைடே" என்று மாற்றுகிறார்கள், அது நிலைமையை இன்னும் மோசமாக்குகிறது. "டில்", "அன்டில்" ஆகிய சொற்கள் "வரை" என்ற பொருளைத் தருவன. ஒரு செயல் அந்த நாள் வரை தொடர்ந்து நடக்கும்போதே அவை பொருந்தும். "வீ கேன் கீப் த ரூம் அன்டில் ஃப்ரைடே" என்றால் வெள்ளி வரை அறை வைக்கப்பட்டிருக்கும். "யூ மஸ்ட் பே பை ஃப்ரைடே" என்றால் வெள்ளிக்குள் பணம் வந்துசேர வேண்டும். வரையா, குள்ளா என்று முதலில் தமிழில் கேட்டுக்கொண்டால் விடை தானாக வந்துவிடும்.

"மூன்று மாதமாக உங்களிடம் வாங்கி வருகிறோம்" என்பது "வீ ஆர் பையிங் ஃப்ரொம் யூ சின்ஸ் த்ரீ மன்த்ஸ்" என்று மாறுவதும் இதே வகைதான். "சின்ஸ்" தொடங்கிய புள்ளியைக் கேட்கிறது, "ஃபோர்" கடந்த நீளத்தைக் கேட்கிறது. ஆகவே "வீ ஹேவ் பீன் பையிங் ஃப்ரொம் யூ ஃபோர் த்ரீ மன்த்ஸ்" என்றோ "சின்ஸ் ஜனவரி" என்றோ எழுதவேண்டும்.

கடந்த காலத்தைச் சுட்டும் சொல்லொன்று வாக்கியத்தில் இருந்தால், "ஹேவ்" சேர்ந்த வினை வரக்கூடாது என்ற விதியையும் இங்கேயே சொல்லிவிடலாம். "நேற்றே அனுப்பியிருக்கிறோம்" என்பது நல்ல தமிழ், "வீ ஹேவ் சென்ட் இட் யெஸ்டர்டே" என்பது பிழையான ஆங்கிலம். நேற்று, போன மாதம், 5ஆம் திகதி என்று நாள் குறிப்பிடப்பட்டால் "வீ சென்ட் இட்" என்று முடிந்த காலத்தையே எழுதவேண்டும். நாளைக் குறிப்பிடாமல், அனுப்பியாயிற்று என்ற தகவலை மட்டும் தருவதானால் "வீ ஹேவ் சென்ட் இட்" சரி.

நடந்துகொண்டிருப்பதும் வழக்கமாக நடப்பதும்

ஊவாவில் தேயிலை விற்பனையோடு தொடர்புடைய எவருக்கும் இந்தப் பகுதி மிக வேண்டியது. தோட்டத் தேயிலையின் பெரும்பகுதி தரகு நிறுவனங்களின் ஊடாகக் கொழும்பு ஏலத்துக்கே போகிறது. அந்த ஏலம் 2020 ஏப்ரல் முதல் இணையவழியில் நடைபெறுகிறது. எனவே, தொழிற்சாலையைப் பார்க்க வந்து தேயிலையின் சுவையில் மயங்கிய ஒரு வெளிநாட்டவர், ஊருக்குத் திரும்பிய பின் 50 கிலோ அனுப்ப முடியுமா என்று கேட்டெழுதினால், நேரடி விற்பனை இல்லை என்றுதான் பல இடங்களில் பதில் எழுதவேண்டியிருக்கும். "நாங்கள் நேரடியாக விற்பதில்லை" என்பதை "வீ ஆர் நொட் செல்லிங் டைரக்ட்லி" என்று எழுதினால், இப்போதைக்கு விற்கவில்லை, பிறகு விற்கக்கூடும் என்ற பொருள் அதில் தொனிக்கிறது. அவர் இரண்டு மாதம் பொறுத்து மீண்டும் கேட்பார், அப்போதும் அதே பதில்தான் போகும். "வீ டு நொட் செல் டைரக்ட்லி" என்று எழுதினால், அது இந்த இடத்தின் நிலையான நடைமுறை என்பது ஒரே வரியில் விளங்கிவிடும்.

"வீ ஆர் ஹேவிங் ட்வென்டி பேக்ஸ்" என்பதும் இவ்வகைப் பிழையே. உடைமை, அறிவு, விருப்பம், தேவை ஆகியவற்றைக் குறிக்கும் ஆங்கில வினைகள் பொதுவாகத் தொடர்நிலையில் வருவதில்லை. "வீ ஹேவ்", "வீ நோ", "வீ வொன்ட்", "வீ நீட்" என்றே எழுதவேண்டும்.

ஆனால் தொடர்நிலை வினை எங்கும் தவறு என்று எண்ணிவிடக்கூடாது. தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சரிவுகளில் மழையைக் கொட்டிவிட்டு, மலையைத் தாண்டி ஊவாப் பக்கம் வறண்ட காற்றாக இறங்கும் ஜூலை முதல் செப்டெம்பர் வரையான காலத்தில், கொழுந்து வாட்டம் கண்டு, ஊவாத் தேயிலைக்கே உரிய அந்த வாசனை உண்டாகிறது. பருவத் தேயிலை எனப்படும் அதன் உற்பத்தி ஆண்டு முழுவதும் நடப்பதில்லை. ஆகவே ஓகஸ்ட் மாதத்தில் எழுதப்படும் கடிதத்தில் "வீ ஆர் மேக்கிங் சீசனல் டீஸ் நவ்" என்பது முற்றிலும் சரியான வாக்கியம். பெப்ரவரியில் அதையே எழுதினால் இலக்கணம் பிழைக்காது, செய்தி பொய்யாகிவிடும். இவ்விடத்தில் "டீஸ்" என்ற பன்மையைக் கண்டு திருத்தப் புகவும் வேண்டாம். கோப்பையில் இருக்கும் தேநீருக்கும் மூட்டையில் இருக்கும் தேயிலைக்கும் ஒருமையே வழக்கம் என்றாலும், வகைகளையும் தரங்களையும் பேசும் ஏலச் சந்தையில் பன்மை நூறாண்டுப் பழக்கம்.

கேள்விக்குள் கேள்வி

"விலை என்ன என்று அறியத்தரவும்" என்ற தமிழ் வாக்கியத்தில், "விலை என்ன" என்ற கேள்வி எந்த மாற்றமும் இல்லாமல் பெரிய வாக்கியத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. அதே பழக்கத்தில் "ப்ளீஸ் இன்ஃபோர்ம் அஸ் வொட் இஸ் த ப்ரைஸ்" என்று எழுதப்படுகிறது. ஆங்கிலத்தில், தனிக் கேள்வியாக நிற்கும்போது "இஸ்" எழுவாய்க்கு முன்னே வரும். இன்னொரு வாக்கியத்துக்குள் அடங்கிவிட்டால் அது எழுவாய்க்குப் பின்னே போய்விடும். எனவே "ப்ளீஸ் லெட் அஸ் நோ வொட் த ப்ரைஸ் இஸ்" என்பது சரி. இன்னும் எளிய வழி, கேள்வியையே நீக்கிவிட்டு "ப்ளீஸ் லெட் அஸ் நோ த ப்ரைஸ்" என்று பெயர்ச்சொல்லால் முடிப்பது. அனுபவமுள்ள எழுத்தர்கள் பெரும்பாலும் இரண்டாவதையே தேர்கிறார்கள், அதில் தவறுவதற்கு இடமே இல்லை. ஆம் அல்லது இல்லை என்று விடை வரும் கேள்விகளுக்கு "இஃப்" அல்லது "வெதர்" சேர்க்கவேண்டும்: "குட் யூ டெல் அஸ் வெதர் யூ டெலிவர் டு பதுளை?"

இதன் எதிர்ப்பக்கத்தில் நிற்பது, எதிர்மறைக் கேள்விக்கு விடை சொல்லும் சிக்கல். சுற்றுலா அறை நடத்துபவர்கள் இப்பத்தியை இருமுறை வாசிக்கலாம். "டோன்ட் யூ ஹேவ் எனி ரூம்ஸ் லெஃப்ட்?" என்று ஒருவர் கேட்டு எழுதுகிறார். அறை இல்லை. தமிழில் "ஆமாம், இல்லை" என்று சொல்வது இயல்பு, ஏனெனில் தமிழில் "ஆம்" என்பது கேட்டவரின் ஊகத்தை ஒப்புக்கொள்கிறது. ஆங்கிலத்தில் "யெஸ்" என்பது, கேள்வி எந்த வடிவில் கேட்கப்பட்டிருந்தாலும், அறை இருக்கிறது என்ற பொருளையே தரும். அவசரத்தில் "யெஸ்" என்று மட்டும் பதில் அனுப்பினால், இல்லாத அறையை நம்பி ஒரு குடும்பம் ரயிலேறிவிடும். ஒற்றைச் சொல் விடையைத் தவிர்த்து, "சொரி, வீ ஹேவ் நோ ரூம்ஸ் ஒன் தட் டே" என்று முழு வாக்கியமாக எழுதுவதே பாதுகாப்பு.

ஆர்வமுள்ளவரும் ஆர்வமூட்டுபவரும்

"வீ ஆர் இன்டரஸ்டிங் டு பை யுவர் டீ" என்ற வாக்கியம், வாங்க விரும்புபவர்களைச் சுவாரசியமான மனிதர்களாக்கிவிடுகிறது. "இங்" என்று முடியும் பெயரடை அந்த உணர்வை ஊட்டும் பொருளையும், "எட்" என்று முடிவது அதை அடையும் ஆளையும் குறிக்கும். அதோடு "இன்டரஸ்டட்" என்ற சொல் "இன்" என்ற முன்னிடைச் சொல்லையும் அதன்பின் "இங்" வடிவையும் வேண்டி நிற்கிறது: "வீ ஆர் இன்டரஸ்டட் இன் பையிங் யுவர் டீ." கடித முடிவில் வரும் "லுக்கிங் ஃபோர்வர்ட் டு" என்பதற்குப் பின்னும் "ஹியரிங்" என்ற வடிவமே வரும், "ஹியர்" அன்று. காலையுணவைப் பற்றி எழுதும்போது "ப்ரேக்ஃபஸ்ட் இஸ் இன்க்ளூடிங்" என்பதை "ப்ரேக்ஃபஸ்ட் இஸ் இன்க்ளூடட்" என்று திருத்தவேண்டும். "த ப்ரைஸ் இன்க்ளூட்ஸ் ப்ரேக்ஃபஸ்ட்" என்றால் இன்னும் தெளிவு.

முன்னிடைச் சொல்லில் நேரும் மற்றப் பிழைகளை விரைவாகக் கடந்துவிடலாம். "டிஸ்கஸ்", "கொன்டாக்ட்" ஆகிய வினைகளுக்குப் பின் எதுவும் வேண்டாம். "ரிக்வெஸ்ட்", "ஓர்டர்" ஆகியவை வினையாக நின்றால் "ஃபோர்" வராது, பெயராக நின்றால் வரும். "ரிப்ளை" மட்டும் "டு" கேட்கும். "இன்குவயர்" என்ற வினைக்குப் பின், கேட்கும் பொருளைச் சொல்லும்போது "அபவுட்" வரும். "இன்ஃபோர்மேஷன்", "எக்விப்மென்ட்", "மெஷினரி", "அட்வைஸ்" ஆகியவற்றுக்கு "ஸ்" சேர்ப்பதில்லை. இவற்றை மனனம் செய்வதைத் தவிர வேறு வழி இல்லை.

"இன்குவயரி" என்ற சொல்லின் முதலெழுத்து ஈயா, ஐயா என்ற ஐயமும் அடிக்கடி எழுகிறது. பிரித்தானிய வழக்கில் பொதுவாகக் கேட்டறிதலுக்கு ஈயும், முறைப்படியான விசாரணைக்கு ஐயும் எழுதப்படுகின்றன. அமெரிக்கர் இரண்டுக்கும் ஐயையே எழுதுகிறார்கள். தோட்டத்தில் தொழிலாளி மீது நடத்தப்படும் ஒழுக்காற்று விசாரணை ஐயில் தொடங்குவது, ஆகவே விலை கேட்டெழுதும் கடிதத்தில் ஈயை இடுவது குழப்பம் தராது. எதை எழுதினாலும் ஒரே கடிதத்தில் இரண்டையும் கலக்காமல் இருந்தால் போதும்.

காதும் எழுத்தும் ஏமாற்றும் இடம்

இது கண்டிப்பாகப் பார்த்தால் இலக்கணம் அன்று, ஆயினும் விலை விசாரணையில் இதைவிடப் பெரிய பொறி குறைவு. ஏற்றுமதி விலையைச் சொல்லும்போது, சரக்கைக் கப்பலில் ஏற்றும் வரையான செலவை விற்பவரே ஏற்கும் நிபந்தனையை எஃப்.ஓ.பி. என்று சுருக்கி எழுதுவர். ஃபிளவரி ஒரேஞ்ச் பீக்கோ என்ற தேயிலைத் தரத்துக்கும் அதே எஃப்.ஓ.பி.தான். ஆங்கிலத்தில் கடைசி எழுத்து வேறு, தமிழில் இரண்டும் ஒன்றாகவே தெரிகின்றன, தொலைபேசியிலும் ஒன்றாகவே கேட்கின்றன. மூட்டையையும் சிறு பொதியையும் குறிக்கும் ஆங்கிலச் சொற்களும் அவ்வாறே. "பேக்" என்று குறித்துக்கொண்டவர், 20 மூட்டையா 20 பொதியா என்பதைப் பிறகு ஊகிக்க வேண்டியதாகிறது. தொலைபேசியில் கேட்டதைத் தமிழில் குறித்துக்கொள்ளும் பழக்கமுள்ளவர், இத்தகைய சொற்களை மட்டும் ஆங்கில எழுத்திலேயே குறிப்பதும், அளவோடு கிலோ எடையைச் சேர்த்து எழுதுவதும் அவசியம்.

ஒரு கடிதத்தைத் திருத்திப் பார்த்தல்

பயிற்சிக்காக அமைக்கப்பட்ட பின்வரும் கடிதம், தேயிலைப் பொதிகளின் வாயை ஒட்டும் இயந்திரமொன்றை வாங்க விரும்பும் சிறு வியாபாரி, கொழும்பிலுள்ள விற்பனையாளருக்கு எழுதுவதாகக் கொள்ளப்படுகிறது.

"ரெஸ்பெக்டட் சர், வீ ஆர் இன்டரஸ்டிங் டு பை யுவர் சீலிங் மெஷின். ப்ளீஸ் இன்ஃபோர்ம் வொட் இஸ் த ப்ரைஸ். வீ ஆர் நீடிங் இட் விதின் ஃபிஃப்டீன்த் ஜூன். வீ ஹேவ் சென்ட் லெட்டர் லாஸ்ட் மன்த் ஆல்சோ. கைண்ட்லி டூ த நீட்ஃபுல்."

பேரத்தைத் தொடும் இடங்கள் இதில் இரண்டு. "விதின்" என்பதை "பை" ஆக்கவேண்டும் என்பது முன்பே சொல்லப்பட்டது. மற்றது "யுவர் சீலிங் மெஷின்" என்ற தொடர். தமிழில் "உங்கள் மெஷின்" என்றால் உங்கள் கடையில் விற்கப்படும் மெஷின் என்று எவருக்கும் புரியும். ஆங்கிலத்தில் எதிராளி பயன்படுத்திக்கொண்டிருக்கும் பழைய இயந்திரத்தையே கேட்பதாகவும் அது படலாம். தமிழில் "ஒரு" என்பதை விருப்பம்போல் விட்டுவிடலாம், ஆங்கிலத்தில் "அ" என்ற சொல்லை விடமுடியாது. "அ சீலிங் மெஷின்" என்றால் ஏதாவது ஒன்று, "த சீலிங் மெஷின்" என்றால் இருவரும் அறிந்த குறிப்பிட்ட ஒன்று. "லெட்டர்" என்பதற்கு முன்னும் அது விடுபட்டிருக்கிறது.

மீண்டும் கேட்டெழுத வைக்கும் பிழை, கடைசி வரி. "கைண்ட்லி டூ த நீட்ஃபுல்" என்பது தோட்ட அலுவலகங்களிலும் அரச திணைக்களங்களிலும் இன்றும் உலவும் தொடர். ஊருக்குள் அதைக் கண்டு எவரும் முகம் சுளிப்பதில்லை, சுளிக்கவும் தேவையில்லை. ஆனால் ஆவன செய்க என்று சொல்லும்போது, ஆவது எது என்பது வாசிப்பவருக்கு ஏற்கனவே தெரிந்திருக்கவேண்டும். விலைப்பட்டியல் வேண்டுமா, பதுளைக்கு அனுப்பும் செலவு தெரியவேண்டுமா என்று வெளிப்படையாகக் கேட்பதே மரியாதையும் ஆகும். ஏவல் பணிவாகும் முறையிலும் இரு மொழிகளும் வேறுபடுகின்றன. தமிழில் "அனுப்பவும்" என்ற வியங்கோள் பணிவைத் தன்னுள்ளே வைத்திருக்கிறது. "சென்ட்" என்ற ஆங்கில வினை வெறும் கட்டளை, அதற்குப் பணிவூட்ட "குட் யூ ப்ளீஸ்" என்று கேள்வியாக்கவேண்டும்.

திருத்திய வடிவம் இது: "டியர் சர் ஓர் மேடம், வீ ஆர் இன்டரஸ்டட் இன் பையிங் அ சீலிங் மெஷின் ஃபோர் டீ பெக்கட்ஸ். குட் யூ ப்ளீஸ் சென்ட் அஸ் யுவர் ப்ரைஸ் லிஸ்ட் அண்ட் த கொஸ்ட் ஒஃப் டெலிவரி டு பதுளை? வீ நீட் த மெஷின் பை ஃபிஃப்டீன்த் ஜூன். வீ ஆல்சோ ரோட் டு யூ லாஸ்ட் மன்த் பட் ஹேவ் நொட் ரிசீவ்ட் அ ரிப்ளை." கடைசி வாக்கியத்தில் "ரோட்" முடிந்த காலத்திலும் "ஹேவ் நொட் ரிசீவ்ட்" இன்றுவரை நீளும் காலத்திலும் அருகருகே நிற்பதைக் கவனிக்கலாம். முதல் கடிதம் போன மாதத்தோடு முடிந்த செயல், பதில் வராமை இன்னும் முடியாத நிலை.

கைபேசியிலுள்ள திருத்தும் செயலிகள் இக்கடிதத்தின் பிழைகளில் பெரும்பாலானவற்றை நொடியில் சரிசெய்துவிடும், அவற்றைப் பயன்படுத்துவதில் குறை ஏதும் இல்லை. ஆனால் வேண்டியது புது இயந்திரமா பழையதா, விற்பனை இப்போதைக்கு இல்லையா எப்போதுமே இல்லையா, 20 என்றது மூட்டையா பொதியா என்பவை செயலிக்குத் தெரியாதவை. தவறான பொருளைப் பிழையற்ற ஆங்கிலத்தில் எழுதித் தரவும் அதனால் முடியும். எனவே செயலி திருத்தித் தந்த கடிதத்தை அனுப்புமுன், அதிலுள்ள திகதி, அளவு, விலை ஆகிய மூன்றும் வரும் வாக்கியங்களை மட்டுமாவது வாசகர் தமிழில் திருப்பிச் சொல்லிப் பார்த்து, தாம் நினைத்தது அதுதானா என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும்.